ரெட்டை விழுந்த புத்தகம்

கல்யாண வீட்டில் மாரிசெல்வி அக்காவுக்கு எப்போதும் ஒரே வேலைதான், அப்பளம் பிரிப்பது. ஒட்டிக்கிடக்கும் அப்பளக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கட்டைவிரல் தள்ளும், ஆள்காட்டி விரல் எடுக்கும், வாய் அது பாட்டுக்கு யார் வீட்டுக் கதையையாவது பேசிக்கொண்டிருக்கும். இரண்டு அப்பளம் சேர்ந்து வந்தால் மட்டும் பேச்சு நிற்கும். "ரெட்டை" என்பார். பிரித்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார்.

ஆமத்தூரில் பிறந்து ஆமத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தார்கள். இவர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். பிறகு பட்டாசு ஆபீஸ். கல்யாணத்துக்கு அப்புறம் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. கணவர் முனியராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மகள் மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள். பிரஸ்ஸுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நானும் அதே பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிறவன்தான். ஊரும் ஒன்று, போகிற வருகிற பஸ்ஸும் ஒன்று.

அக்காவின் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி மடிந்து வரும். அது ஒரு ஃபாரம். நீள மேசையைச் சுற்றி முதல் ஃபாரம், இரண்டாம் ஃபாரம், மூன்றாம் ஃபாரம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பெண்கள் மேசையைச் சுற்றி நடந்தபடியே ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று எடுக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம். ஒரே ஃபாரத்தில் இரண்டு வந்துவிட்டால் அதற்குப் பெயர் ரெட்டை. வெறும் ரெட்டை என்றால் கனத்திலேயே தெரிந்துவிடும். ரெட்டையும் எடுத்து, பேச்சு சுவாரஸ்யத்தில் அடுத்த ஃபாரத்தையும் விட்டுவிட்டால்தான் வில்லங்கம். கனம் சரியாக இருக்கும், கை ஏமாந்துபோகும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும், வரிசை சரியாக இருந்தால் அவை படிக்கட்டு மாதிரி இறங்கும். அந்தப் படி தவறுவதைப் பார்த்தால்தான் பிடிக்கலாம்.

அக்காதான் அந்த மேசைக்குப் பொறுப்பு. ஒவ்வொரு கட்டையும் முதுகு திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தைக்க விடுவார். "என் மேசையில இருந்து ரெட்டை போனதில்ல" என்பது அவருடைய ஒரே பெருமை. நகை நட்டைப் பற்றிக்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்ல மாட்டார்.

போன பங்குனியில், காலண்டர் சீசன் ஓய்ந்து, வருஷா வருஷம் வரும் ஆப்பிரிக்கப் பள்ளிப் புத்தக லோடு ஓடிக்கொண்டிருந்தபோது, அருணாதேவி என்ற பிள்ளையை அந்த மேசையில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பட்டாசு ஆபீஸில் திரி வெட்டிக்கொண்டிருந்தவள். பக்கத்து ஷெட்டில் ஒரு நாள் தீப்பிடித்ததைப் பார்த்ததிலிருந்து அவள் அம்மா, இனிமேல் அங்கே அனுப்ப மாட்டேன் என்று பிரஸ் வாசலில் வந்து கெஞ்சி இடம் வாங்கிக் கொடுத்திருந்தார். பிள்ளை கெட்டிக்காரிதான், ஆனால் கை பதறும். அன்றைக்கு மத்தியானம் அவள் எடுத்த கட்டில் வரிசையாக ரெட்டை. மூன்றாம் ஃபாரத்தையே காணோம்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நாளைக்குக் காலையில ஹரிஷ்குமார் தம்பிகிட்ட சொல்லி உன்னை மேசையில இருந்து எடுத்துருதேன். உனக்கு இது சரிப்படாது தாயி."

ஹரிஷ்குமார் முதலாளியின் மகன். பைண்டிங்கில் யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்று அக்கா சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார். மேசையை விட்டுப் போனால் அருணாதேவிக்குத் திரும்பவும் திரி வெட்டுகிற இடம்தான். அது எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் அவள் பஸ்ஸில் கடைசி சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் திருத்தங்கலைத் தாண்டியதும் பின் டயர் இறங்கிவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டு, "பின்னாடி ஒரு வண்டி வருது, அதுல ஏறிக்கிடுங்க" என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு வருகிறபோது வரும் என்றார்.

ரோட்டோரம் ஒரு வேப்பமரம். பிரஸ் பெண்கள் மொத்தமாக அதன் நிழலைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டு அலமாரித் தட்டில் விரிக்கலாம் என்று மை சரியாக விழாத வேஸ்ட் தாளை அக்கா ஒரு சுருள் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தரையில் விரித்துக் கொடுத்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அருணாதேவி மட்டும் சற்றுத் தள்ளி ஒரு கல்லில்.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். நல்ல உயரம், நல்ல கறுப்பு, முதுகில் பெரிய பை, கையில் சேவுப் பொட்டலம். பஸ்ஸில் முன்பக்கம் நின்றுகொண்டே வந்தவன்.

"ஏலே அக்கா, இந்த வண்டி விருதுநகர் போகுமா? இல்ல நாம தள்ளிக்கிட்டுப் போகணுமா?"

மரமே குலுங்குகிற மாதிரி சிரிப்பு.

"யாருப்பா உனக்கு ஏலேன்னு சொல்லிக்குடுத்தது?" என்றார் சண்முகத்தாய். அக்காவுக்குச் சின்ன வயசுச் சிநேகிதி, மேசையில் அடுத்த ஆள், அக்காவைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவர்.

"ஹாஸ்டல்ல எல்லாரும் ஏலேன்னுதான் கூப்பிடுறாங்க. வணக்கம் மாதிரி இல்லையா?"

"வணக்கம் மாதிரிதான். ஆனா அந்த வணக்கத்தை நாங்க எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் வைப்போம். அதுவும் அவுக காதுல விழாம."

பெயர் லிம்பானி. கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். விருதுநகரில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும், ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சொந்த ஊர் மலாவி.

"மாலத்தீவா?" என்றார் குருவம்மாள். கூட்டத்தில் வயதில் மூத்தவர்.

"மலாவி. ஆப்பிரிக்கா."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்துருக்க? நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு தம்பி" என்று மாரிசெல்வி அக்கா அவனுக்கும் ஒரு தாளை விரித்தார்.

அவன் பையை இறக்கிவிட்டுக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். தாளை எடுத்தான், மண்ணைத் தட்டினான், திருப்பிப் பார்த்தான்.

"நான் இதுல உக்கார மாட்டேன்."

"பேன்ட் புதுசு போல" என்றார் சண்முகத்தாய்.

"இல்ல அக்கா. இது என் மூணாம் கிளாஸ் புத்தகம்."

தாளில் ஒரு நீர்யானைப் படம் இருந்தது. அந்த நீர்யானையை நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம். அது எங்களுக்கு லோடு. இத்தனை ஃபாரம், இத்தனை கட்டு, எந்தத் தேதிக்குத் தூத்துக்குடி போக வேண்டும் என்பதுதான் பேச்சு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. பக்கங்கள் அங்கிருந்தே ரெடியாக வரும் என்பதால் எனக்கும் அப்படித்தான்.

லிம்பானி வாசித்தான். அவன் ஊர்ப் பாஷையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிற மாதிரியே, ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை இழுத்து. நீர்யானைக்கு அவர்கள் 'ம்வூ' என்கிறார்களாம். தங்கள் கையில் வருஷக்கணக்காக ஊமையாய்ப் போய்க்கொண்டிருந்த எழுத்து வாய் திறந்து பேசுவதைப் பெண்கள் அப்போதுதான் கேட்டார்கள். குருவம்மாள் தலைச் சேலையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

"இன்னொருக்கா சொல்லு."

இன்னொரு தடவை வாசித்தான்.

"கதை என்னப்பா?" என்று அக்கா கேட்டார்.

"நீர்யானை ராத்திரி சாப்பாடு தேடி வரும். பெரிய குழியில விழுந்துரும். எப்படி மேல வந்துச்சுன்னு கதை." சொல்லிவிட்டு அவனே சிரிக்க ஆரம்பித்தான். "ஆனா என் புத்தகத்துல நீர்யானை ரெண்டு தடவை குழியில விழும். மேல வரவே வராது."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

"பதினேழாம் பக்கத்துல இருந்து முப்பத்திரெண்டு வரை ரெண்டு தடவை இருந்துச்சு. அதுக்கு அப்புறம் நேரா நாப்பத்தொம்பது" என்று விளக்கினான்.

"ரெட்டை" என்றார் யாரோ, மெதுவாக.

எல்லார் கண்ணும் அக்கா பக்கம் போனது. கல்லில் இருந்த அருணாதேவி மட்டும் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"அது நம்ம பிரஸ்ஸா இருக்காது" என்றார் அக்கா. "சிவகாசியில பிரஸ்ஸுக்கா பஞ்சம்?"

"நீர்யானை நம்மகிட்டதான வருது. முத லோடுல இருந்து" என்றார் சண்முகத்தாய்.

"நீ சும்மா இரு. தம்பி, அட்டை என்ன கலரு? மஞ்சளா?"

"பச்சை."

"பச்சை அட்டை" என்று சண்முகத்தாய் ஆனந்தமாக இழுத்தார். "பசை காயாம எல்லாரு கையிலயும் பச்சைச் சாயம் ஒட்டிக்கிச்சே, அந்த வருசம். சோறு பிசைஞ்சா சோறும் பச்சை. ஞாபகம் இருக்கா மாரிசெல்வி, நம்ம மேசைதான்."

அக்காவின் கட்டைவிரல் உட்கார்ந்திருந்த தாளின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"வாத்தியார் அடிச்சாரா?" என்று கேட்டார்.

"டீச்சர் முப்பத்திமூணாம் பக்கம் வாசின்னு சொன்னாங்க. எனக்கு முப்பத்திரெண்டுக்கு அடுத்து பதினேழு. நான் எந்திரிச்சு பதினேழைச் சத்தமா வாசிச்சேன். கிளாஸ் பூரா சிரிச்சாங்க. டீச்சர் என்னைத் தூக்கி ஒரு பொண்ணு பக்கத்துல உக்கார வச்சாங்க. அவ பேரு சிம்வேம்வே."

"என்னது?"

"சிம்வேம்வே. சந்தோஷம்னு அர்த்தம்."

"பேரைச் சொல்றதுக்குள்ள சந்தோஷம் போயிருமே" என்றார் சண்முகத்தாய்.

சிம்வேம்வேயின் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் இருந்தன. ஆனால் அவள் புத்தகத்தைக் கொடுக்க மாட்டாள். மடங்கிப்போகும், அப்பா திட்டுவார் என்பாள். வாயால் சொல்வதற்கு மட்டும் சம்மதித்தாள். பள்ளி விட்டு நடக்கும்போது தினம் கொஞ்சம் சொல்வாள். யானை கயிறு போடும், கயிறு அறுந்துவிடும், அந்த இடத்தில் அவள் வீடு வந்துவிடும். மறுநாள் ஒரு குருவி யோசனை சொல்லும், யோசனை என்ன என்று சொல்வதற்குள் மறுபடியும் வீடு.

"நீர்யானை மேல வர்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றான் லிம்பானி. "அதுக்குள்ள நான் குழியில விழுந்துட்டேன்."

இதற்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. சண்முகத்தாய் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்ப அவ எங்க இருக்கா?"

"டீச்சர் டிரெய்னிங் படிக்கிறா. நான் படிப்பு முடிச்சுப் போனதும் கல்யாணம்."

போனில் படம் காட்டினான். போன் கை மாறிக் கை மாறி மரத்தைச் சுற்றி வந்தது. மூக்கும் முழியும் லட்சணம் என்றார் குருவம்மாள். பல் வரிசையைப் பார், நம்ம கட்டிங் மிஷினில் விட்டு எடுத்த மாதிரி என்றார் இன்னொருவர்.

"அதனால எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை" என்றான் லிம்பானி. "புத்தகத்துக்குப் பின்னாடி சிவகாசி, இந்தியான்னு போட்டிருக்கும். இங்க படிக்க இடம் கிடைச்சதும் மேப்ல பார்த்தேன், சிவகாசி பக்கத்துல இருந்துச்சு. அந்தத் தப்பைப் பண்ணினவங்களைப் பார்த்து நன்றி சொல்லணும்னு நினைச்சேன். யார்கிட்டப் போய்க் கேக்கிறது? கேட்டா கோபப்படுவாங்கன்னு விட்டுட்டேன்."

"அது நாந்தான் தம்பி" என்றார் சண்முகத்தாய்.

"நீ எங்க? நீ அந்த வருசம் பாதியிலயே பிள்ளை பெறப் போயிட்ட" என்று குருவம்மாள் வெட்டினார். "ரெண்டாம் ஃபாரத்துக்கிட்ட நின்னு கதை பேசுறது நாந்தான். ஊருக்கே தெரியும். அது நான் விட்ட ரெட்டை."

"உங்களுக்கு அப்ப ரெண்டு எடுக்கிற தெம்பு எங்கன இருந்துச்சு?" என்று மூன்றாவது ஒருத்தி கிளம்பினாள். மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் தொட விரும்பாத ஒரு தப்புக்கு ரோட்டோரத்தில் இவ்வளவு சொந்தக்காரர்கள். கண்டக்டர்கூட எட்டிப் பார்த்தார், சண்டையோ என்று.

"ஒருத்தியும் இல்ல" என்றார் அக்கா. குரல் உயரவில்லை, ஆனால் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். "யார் எடுத்தாலும் முதுகு பார்த்து விட்டது நான். மேசை என்னது. அது என் கை."

வீடு, காடு என்னுடையது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். லிம்பானி எழுந்தான். முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் குழித்து, சத்தம் வராத மாதிரி மெதுவாகத் தட்டினான். "ஸிகோமோ" என்றான். அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு நன்றி சொல்வது அப்படித்தானாம்.

அக்காவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இருக்கட்டும்பா. இருக்கட்டும். உக்காரு." சேலை முந்தியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாங்கதான் உங்களைக் கும்பிடணும். முன்னயெல்லாம் காலண்டர் முடிஞ்சா இங்கன வேலை கிடையாது. கோடை பூரா வெடி ஆபீஸ்தான் எங்களுக்கு. இடி இடிச்சா ஓடி வந்து வெளிய நிப்போம், உசுரு கையில இருக்கும். உங்க ஊரு லோடு வர ஆரம்பிச்ச பெறகுதான் வருசம் பூரா மேசையில நிக்கோம். உங்க ஊருப் பிள்ளைக பள்ளிக்கூடம் போனாக, நான் வெடி ஆபீஸுக்குப் போகல. இந்த நிமிசம் வரை இதை நான் நினைச்சுப் பார்த்ததே இல்ல தம்பி."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் பார்வை கல்லின் பக்கம் போய், திரும்பி வந்தது.

"உன் புத்தகம் மட்டுந்தானா? வேற பிள்ளைகளுக்கும் அப்படி இருந்துச்சா?"

"இன்னொரு பையன் இருந்தான். அவனுக்கும் ரெண்டு தடவை விழும். அவன் பக்கத்துல யாரும் இல்ல. கதை தெரியாமயே நாலாம் கிளாஸ் போயிட்டான்." லிம்பானி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

சட்டென்று அவன் கீழே விரித்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். ஒரே தாள் இல்லை, வேறு வேறு ஃபாரம். "அக்கா, கொஞ்சம் எந்திரிங்க" என்றான் குருவம்மாளிடம். "நீர்யானை உங்க அடியில இருக்கு."

குருவம்மாள் அலறிக்கொண்டு எழுந்தார். முப்பத்திமூன்றாம் பக்கம் அங்கேதான் இருந்தது. லிம்பானி மண்டியிட்டு வாசித்தான், முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக, பிறகு நிறுத்திவிட்டான்.

"மழை பெய்யுது. குழியில தண்ணி ஏறுது. நீர்யானை மிதந்து மேல வந்துருது." நிமிர்ந்து பார்த்தான். "அவ்வளவுதான். ஒரே பக்கம். அப்புறம் வேற பாடம். யானை இல்ல, கயிறு இல்ல, குருவி இல்ல. ஒரு மாசம் சொன்னாளே!"

சிரித்துச் சிரித்துச் சண்முகத்தாய்க்குப் புரை ஏறிவிட்டது. லிம்பானி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உடனே அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. வாசித்துக் காட்டினான்: "மழைக்காக நீ என்கூட ஒரு மாசம் நடந்து வந்திருப்பியா?"

"பொய் சொல்லியிருக்கா, அக்கா" என்றான், முகம் எல்லாம் பல்லாக.

"பொய் இல்லப்பா" என்றார் மாரிசெல்வி அக்கா. "உனக்கு விட்டுப்போன ஃபாரத்தை அவ கையால போட்டிருக்கா."

அடுத்த வண்டி வந்தது. லிம்பானி அந்தத் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஏறும்போது அக்கா படியில் ஒரு காலை வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"ஏ அருணா, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? ஏறு."

மறுநாள் காலையில் அருணாதேவி மேசைக்கு வரவில்லை. தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி பைண்டிங் வாசலிலேயே நின்றாள். உள்ளே போனால் வெளியே போகச் சொல்வார்கள், அதற்கு இங்கேயே நின்றுவிடலாம் என்று நினைத்திருப்பாள் போல. ஹரிஷ்குமார் வந்தபோது நான் ஒரு புரூஃப் தாளோடு அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, நேத்து ரெட்டை விழுந்துச்சாமே? புதுப் பிள்ளையா? மாத்திரலாமா?"

"என் மேசை ரெட்டை தம்பி. பிரிச்சு அடுக்கியாச்சு, ஒண்ணும் வெளிய போகல."

"உங்க மேசையிலயா?"

"ஆமா. முன்னயும் போயிருக்கு. அங்கன ஒரு கல்யாணமே நடக்கப்போகுது."

ஹரிஷ்குமார் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் புரூஃபைப் பார்த்தேன். "சரி, நீங்க பார்த்துக்கோங்க" என்று போய்விட்டார்.

அக்கா வாசல் பக்கம் திரும்பினார்.

"அங்கன என்ன, சாமியா வருது? சட்டியை வச்சிட்டு வா. வேகமா எடுக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் முதப் பக்கத்து நம்பரைப் பார்த்துட்டு எடு. ஒன்னாலயும் ஒரு பிள்ளை கதை தெரியாம நாலாம் கிளாஸ் போகக் கூடாது. வெளங்குதா?"

அருணாதேவி தலையாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். முதல் ஃபாரத்தை எடுத்தாள், நம்பரைப் பார்த்தாள். இரண்டாவதை எடுத்தாள், உதடு அசைய எண்ணைச் சொல்லிப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏ, தேரு நகருது, எல்லாரும் வடத்தைப் பிடிங்க" என்றார் சண்முகத்தாய்.

"நகரட்டும்" என்றார் அக்கா.